கண்ணுக்கு இதமான நிறம்

வேலாயுதம் டயாலிசிஸுக்கு வரும்போதெல்லாம் கையில் ஒரு பொட்டலம் நாசி லெமாக் தேங்காய்ச்சோறும் சட்டைப் பையில் ஒரு வாழைப்பழமும் இருக்கும். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு வாழைப்பழம் ஆகாது என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அதில் இருக்கும் பொட்டாசியம் உடம்பை விட்டு வெளியேற வழி தெரியாமல் நேரே இருதயத்தில் போய்க் கைவைக்கும். ஆனால் எங்கள் நாற்காலிகளுக்கென்று தனிச் சட்டம் ஒன்று இருந்தது. மெஷினில் படுக்கப்போகும் நாளில், ஊசி ஏறுவதற்கு முன்னால் எதைத் தின்றாலும் அது தின்றதாகாது, மெஷின் பார்த்துக்கொள்ளும். டாக்டர் இதை ஒப்புக்கொண்டதே இல்லை. சிஸ்டர் ரோகிணி திட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். வாரம் முழுக்க காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிச் சாப்பிடும் நாங்கள், நாக்கு என்று ஒன்று இருப்பதை அந்தச் சட்டத்தால்தான் மறக்காமல் இருந்தோம்.

நான் மார்க்கிரட். வேலாயுதத்துக்கு அடுத்த நாற்காலி என்னுடையது, எனக்கு அந்தப் பக்கம் தம்புசாமி. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் நாங்கள் மூவரும் கிள்ளான் லிட்டில் இந்தியாவில், ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் உள்ள தர்ம நிலையத்தில் வரிசையாகப் படுத்திருப்போம். என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்து அரசாங்க மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர். பிறகு அப்பா உட்கார்ந்தார், பிறகு நான். ஆகவே மனிதர்களை அலையவிடுவது எப்படி என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. அப்பேர்ப்பட்ட பரம்பரையில் வந்த நானே அசந்துபோன கதை இது.

வேலாயுதம் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். மகள் கார்த்திகா பாலர் பள்ளியில் இருந்தபோதே மனைவி காலமாகிவிட்டார். பிள்ளையைத் தாங்கள் வளர்ப்பதாகச் சொந்தக்காரர்கள் வந்து கேட்டார்கள், கொடுக்கவில்லை. இரண்டாவது கல்யாணத்துக்குப் பெண் பார்த்தார்கள், லோரியில் இரண்டு சீட்டுதான் இருக்கிறது, மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். பள்ளி விடுமுறையில் அந்த இரண்டாவது சீட்டில் உட்கார்ந்து கார்த்திகா ஜொகூர் வரைக்கும் போய் வந்திருக்கிறாள். இரட்டைப் பின்னல் போடுவதற்கு அவர் ஒரு வருஷம் பழகினார். அந்த வருஷம் முழுக்க ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் மற்றது கழுத்துக்குக் கீழேயும் தொங்க, அந்தப் பிள்ளை அப்படியேதான் பள்ளிக்கூடம் போனாளாம்.

லோரிக்காரர்களுக்கு உள்ள வியாதி அவருக்கும் வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கிளாஸ் தே தாரிக் டீ, அதில் பாதி கண்டென்ஸ்ட் மில்க். சர்க்கரை முதலில் கண்ணில் கைவைத்தது, லைசென்ஸ் போனது. அப்புறம் கிட்னிக்கு வந்தது. எங்கள் நிலையத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இதே வரிசைதான். எனக்கும் ஒரு கண்ணில் லேசர் வைத்திருக்கிறார்கள், மற்றக் கண்ணில் எந்நேரமும் ஒரு பனிமூட்டம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கண் மங்கியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடியிருக்கும் ஊர் எது என்று யாராவது தேடினால், நேராக எங்கள் மாடிக்கு ஏறி வந்துவிடலாம்.

அப்படித்தான் வந்தார்கள். கோலாலம்பூரில் ஏதோ கண்ணாடிக் கட்டடத்திலிருந்து ஒரு கம்பெனி, எங்களுக்கு இலவசமாக ஆப் செய்து தருவதாக முன்வந்தது. எங்கள் செயலாளர் செல்வகுமார் இலவசம் என்ற சொல்லைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர். அதுவரைக்கும் எங்களிடம் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. சிஸ்டர் ரோகிணி தடித்த கருப்பு மார்க்கரால் யார் எந்த நாற்காலி, எந்த நேரம் என்று எழுதி வைப்பாள். யாருக்காவது நாள் மாற வேண்டுமென்றால் வாயால் சொன்னால் போதும், அழித்து எழுதிவிடுவாள். நாட்டு வளர்ச்சிக்கு இது பெரிய இடைஞ்சல் என்று கண்டுபிடித்து, பலகையைக் கழற்றினார்கள். நாங்கள் அரட்டை அடிக்கும் வாட்ஸ்அப் குழுவையும் செல்வகுமார் மூடினார். இனிமேல் எல்லா விஷயமும் ஆப்பில்தான் என்று உத்தரவு.

ஆப்புக்கு 'இதம்' என்று பெயர் வைத்தார்கள். அதைத் திறந்து வைக்க கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் விருந்து, எங்களுக்கு ஆகாத பண்டம் ஒன்றுவிடாமல் பரிமாறினார்கள். அதை வரைந்த பெண் சிந்துஜா மேடையில் பேசினாள். நல்ல பிள்ளை, சிரித்த முகம், மான் கண். வெள்ளைத் திரையில் வெளிறிய சாம்பல் நிறத்தில் எறும்பு முட்டை அளவில் எழுத்து வைத்திருந்தாள். நோயாளிகளின் மனம் அமைதியாக இருக்க அந்த நிறத்தை ஆராய்ந்து தேர்ந்தெடுத்ததாகச் சொன்னாள். அமைதி கிடைத்தது உண்மை. ஒன்றுமே தெரியாத இடத்தில் மனம் அலைபாய என்ன இருக்கிறது?

வேலாயுதம் எழுந்து நின்று, எழுத்தைக் கொஞ்சம் கருப்பாகப் போட முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

"கருப்பு ரொம்ப அக்ரசிவ் அங்கிள். இது கண்ணுக்கு இதமா இருக்கும்" என்றாள் சிந்துஜா.

போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறோமே, அது ஏன் இதில் வேலை செய்யவில்லை என்று நான் கேட்டேன். எழுத்து பெரிதானால் டிசைன் உடைந்துவிடுமாம். நாங்கள் உடைந்தால் தைத்துக்கொள்ளலாம், டிசைன் உடையலாமா? இரண்டு விரலால் விரித்துப் பார்த்தோம், விரியவில்லை. தமிழைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துகளின் கொம்பும் சுழியும் கட்டத்துக்கு வெளியே போய், தலை நறுக்கிய நெத்திலி மாதிரிக் கிடந்தன. கேட்ட கேள்விக்கெல்லாம் சிந்துஜா ஃபீட்பேக் நோட்டட் என்று சொல்லிச் சிரித்தாள். நாங்களும் சிரித்துவிட்டு வேன் ஏறினோம்.

வேலாயுதம் விடுகிற ஆள் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் கடை வைத்திருக்கும் கண் தெரியாத நண்பர் ஒருவர் அவருக்கு உண்டு. அந்த நண்பரின் போன் திரையில் உள்ளதையெல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டும். நம் ஆப்பை அதில் போட்டுப் பார்க்கலாம் என்று ரயிலேறிப் போனார். திரும்பி வந்து எங்களிடம் நடித்துக் காட்டினார். அந்தக் குரல், "பட்டன், பட்டன், படம், பட்டன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனதாம். எந்தப் பட்டன் எதற்கு என்று வரைந்தவர்கள் எழுதி வைக்கவே இல்லை. தம்புசாமி சிரித்த சிரிப்பில் அவர் மெஷின் அலாரம் அடித்தது.

இதற்கிடையில் கார்த்திகாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை சதீஷ்குமார், ஸ்ரீ கெம்பாங்கான் பையன். புதன்கிழமை காலை கோயிலில் முகூர்த்தம், மாலை கிள்ளானில் மண்டபத்தில் டின்னர். மனைவியை இழந்தவர் தாரை வார்க்கக் கூடாது, சித்தப்பாவும் சித்தியும் சேர்ந்து நின்று கொடுக்கட்டும் என்று சொந்தக்காரர்கள் ஆரம்பித்தார்கள். ஐயரும் தலையாட்டினார். கார்த்திகா ஒரே பிடியில் நின்றாள். அப்பா கையால் இல்லையென்றால் தாலியே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இதை எங்களிடம் சொன்ன அன்று வேலாயுதம் மெஷின் ஓடி முடியும்வரை கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் புதன் பொது விடுமுறைதான், ஆனால் கிட்னிக்கு ஏது விடுமுறை? புதன் காலை அவர் எங்கள் பக்கத்தில் படுத்திருக்க வேண்டிய நேரம். அந்த ஒரு நாள் மட்டும் காலைக்குப் பதிலாக மாலையில் வந்தால் தீர்ந்தது. காலையில் மகளைக் கொடுத்துவிட்டு, மாலையில் டின்னருக்குப் போகாமல் மெஷினுக்கு வந்துவிடுவார். பலகை இருந்திருந்தால் ரோகிணி மார்க்கரைத் திறந்து மூடுகிற நேரம்கூட ஆகியிருக்காது.

ஆப்பில் அவர் மாற்றக் கேட்டார். தடவித் தடவி, நாளைப் போட்டு, மாலையைத் தட்டி அனுப்பினார். திரை முழுக்க ஒரு பெரிய பச்சை டிக் எழும்பி வந்தது. தென்னைமரத்து உச்சியிலிருந்து பார்த்தாலும் தெரியும் டிக். எங்களுக்கெல்லாம் நீட்டிக் காட்டினார், எங்களுக்கும் தெரிந்தது. கார்த்திகாவிடம் காட்டினார், அவளும் சரி என்றாள். அவளுக்கு இளம் கண், அவளும் டிக்கைத்தான் பார்த்தாள். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. கோரிக்கை வந்து சேர்ந்தது, இன்னும் முடிவாகவில்லை என்று. மறுநாள் இன்னொரு வரி அதே நிறத்தில் வந்திருக்கிறது. புதன் மாலை இடமில்லை, வியாழன் மதியத்துக்குப் போட்டிருக்கிறோம் என்று. முடிவைச் சொல்லும் வரிக்கு டிக்கும் இல்லை, கருப்பும் இல்லை. நர்சுகளின் திரையில் அன்றன்றைக்கு உள்ள பெயர்தான் வரும், ஆகவே அவர்களுக்கும் தெரியாது.

அந்தப் புதன்கிழமை காலை அவர் நாற்காலியில் யாரோ புது ஆள் படுத்திருந்தார். எனக்கும் தம்புசாமிக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. வேலாயுதம் மாலைக்கு மாறிவிட்டாரே. நான் கல்யாணத்துக்குப் போக முடியாவிட்டாலும் கோயிலிலிருந்து படங்கள் வந்துகொண்டிருந்தன. பட்டு வேட்டி, கழுத்தில் மல்லிகை மாலை, மகள் கையைப் பிடித்தபடி வாயெல்லாம் பல்லாக நின்றார். கார்த்திகா அழுதுகொண்டிருந்தாள். இவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அவருக்குத் தண்ணீர் அளவுதானே என்று தம்புசாமி கேலி செய்தார்.

மதியம் இலை போட்டார்கள். வேலாயுதம் மாலையில் மெஷினில் படுக்கப்போகிறவர், ஆகவே எங்கள் சட்டப்படி அன்று எதைத் தின்றாலும் தின்றதாகாது. மகள் கல்யாணச் சாப்பாடு வேறு. சாம்பார், ரசம், இரண்டு தரம் பாயசம், இலையில் வைத்த பழம், பக்கத்து இலைக்காரர் வைத்துவிட்டுப் போன பழம். வெயிலுக்கு இளநீர் ஒன்று. வருஷக்கணக்கில் மடக்கு மடக்காக அளந்து குடித்த மனிதர் அன்று ஆசைதீரக் குடித்தார்.

மாலை மாடியேறிப் போனார். எல்லா நாற்காலியிலும் ஆள் படுத்து ஊசி ஏறிவிட்டது. அவர் பெயர் இல்லை. ரோகிணி அவர் போனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, அந்தச் சாம்பல் வரியைக் கண்டுபிடித்து வாசித்துச் சொன்னாள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். கல்யாணச் சாப்பாடு என்று சிரித்திருக்கிறார். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போகச் சொல்லிக் கடிதமும் எழுதிக் கொடுத்தாள். அவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, இறங்கி, ஆட்டோ மாதிரி வளைந்து நெளிந்து ஓடும் யாரோ ஒரு சொந்தக்காரப் பையனின் காரில் ஏறி டின்னர் மண்டபத்துக்கு வந்துவிட்டார்.

நான் அங்கே மூன்று கரண்டிச் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரைக் கண்டதும் இந்நேரம் மெஷினில் இல்லையா என்று கேட்டேன்.

"இடமில்லையாம் அக்கா, நாளைக்குப் போட்டுட்டாங்க. அதுவும் நல்லதாப் போச்சு லா, டின்னருக்கும் வந்துட்டேன்" என்றார்.

அப்படி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில். மதியம் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன், ஒவ்வொன்றாகப் பெருமையாகச் சொன்னார். இளநீர் வந்ததும் நிறுத்தினேன், அது முழுக்கப் பொட்டாசியம். எழுந்து நில்லுங்கள், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். கொஞ்சம் அதட்டியே சொன்னேன், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வரட்டும் அக்கா. பார்த்துட்டு நேரா போறேன்" என்றார்.

விளக்கை அணைத்து, பாட்டுப் போட்டு, கார்த்திகாவையும் சதீஷ்குமாரையும் மேடைக்கு அழைத்துவந்தார்கள். வேலாயுதம் எழுந்து நின்று கைதட்டினார். காலில் பலமில்லை என்று சொன்னார், உட்கார்ந்தார், அப்படியே நாற்காலியிலிருந்து சரிந்தார். மாப்பிள்ளைக் கோட்டோடு சதீஷ்குமார் ஓடிவந்து தூக்கினான். ஆஸ்பத்திரியில் மெஷினைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் இருதயம் நின்றுவிட்டது. எவ்வளவோ பார்த்தார்கள், அது மறுபடி ஓடவில்லை. கார்த்திகா கூரைச்சேலையோடு அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, இன்றுவரை அது இறங்கவும் இல்லை.

வியாழன் சாயங்காலமே எடுத்தார்கள். செல்வகுமார் கருப்புச் சட்டையில் வந்திருந்தார். கருப்பு அக்ரசிவ் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். நிலையத்து ஆட்களுக்குத் தகவல் போனதா என்று கேட்டேன். பழைய குழுவோடு மற்ற எல்லோருடைய எண்ணும் போய்விட்டது, தம்புசாமியின் போனோ அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

"காலையிலேயே ஆப்ல போட்டாச்சு ஆன்டி. ரெஸ்பான்ஸ் நல்லா வந்துக்கிட்டு இருக்கு" என்றார் செல்வகுமார்.

நான் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வருஷக்கணக்காக வேலாயுதத்தோடு ஊசி குத்திக்கொண்ட ஒருவரும் வரவில்லை. டயாலிசிஸ்காரர்களுக்கு நடக்க முடியாதுதான், வெயிலும் அதிகம்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெட்டியை மூடியபோது நிலையத்துப் பக்கமிருந்து நான் ஒருத்தி, செல்வகுமார் ஒருவர், நிர்வாகம் அனுப்பிய மலர் வளையம் ஒன்று.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது தம்புசாமி எனக்கு முன்னாலேயே வந்து படுத்திருந்தார். நல்ல உற்சாகமாக இருந்தார். என்னைக் கண்டதும் போனை எடுத்து நீட்டினார்.

"வேலாயுதம் கல்யாண போட்டோவுல மாப்பிள்ளைய விட ஜோரா இருக்கான் லா அக்கா. ஆப்லயே போட்டுட்டாங்க, பார்த்தவுடனே நான் ஹார்ட் தட்டிட்டேன். எங்க ஆளக் காணோம், கல்யாண அசதியா?"

திரை நிறைய அந்தப் படம். பட்டு வேட்டி, மல்லிகை மாலை, வாயெல்லாம் பல். அதன்மேல் சிவப்பாக ஒரு ஹார்ட், பக்கத்தில் பளிச்சென்று எத்தனை பேர் தட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை. எங்கள் மாடியில் உள்ள எல்லோரும் தட்டியிருந்தார்கள். எதிர் வரிசையிலிருந்து ஒரு அம்மா, தானும் பார்த்ததாகவும் பெண் அழகாக இருப்பதாகவும் சொன்னார். படத்துக்குக் கீழே வெளிறிய சாம்பல் நிறத்தில் இரண்டு வரி இருந்தது.

நான் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, போனை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மூக்கோடு ஒட்டிப் பிடித்து அந்த இரண்டு வரியையும் தம்புசாமிக்கு வாசித்துக் காட்டினேன். காலமானார் என்பதையும், வியாழன் சாயங்காலம், அதாவது நேற்று, இறுதிச் சடங்கு என்பதையும். அவர் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஊசி ஏறாத கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த ஹார்ட்டைத் திரும்ப எடுத்துவிட முடியுமா அக்கா என்று கேட்டார். இரண்டு பேரும் குனிந்து ரொம்ப நேரம் தேடினோம். அதை எடுக்கிற பட்டன் எங்கே இருக்கிறதென்று எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.